சிவஞானத்தின் முதுகுத் திறப்பு விழா

தீவில், டாலிகஞ்சுக் கடைத்தெருவில் கயிறும் வாளியும் லாந்தர் விளக்கும் விற்றுவந்த சிவஞானம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறாம் வருஷம் ஒரு நாள் மணிலாக் கயிற்றுச் சுருள் ஒன்றைத் தூக்கி வாடிக்கைக்காரர் தோளில் ஏற்றினார். கயிறு மேலே ஏறிற்று. குடல் கீழே இறங்கிற்று. வாடிக்கைக்காரர் கயிற்றுக்கு மட்டும் விலை பேசிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து சிவஞானம் இருமினால் ஒரு கையால் வாயையும் மறு கையால் அடிவயிற்றையும் பொத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. வியாபாரம் செய்ய மூன்றாவது கை இல்லை. அவர் இருமும் நேரம் பார்த்துப் பேரம் பேசுகிற ஆட்கள்கூட டாலிகஞ்சில் உருவாகிவிட்டார்கள்.

வயிறு அறுக்கிற டாக்டர் அந்த வருஷம் தீவில் இல்லை. மெயின்லேண்டிலிருந்து டாக்டர் இராமகிருஷ்ணன் என்று ஒரு சர்ஜன் கப்பலில் வந்திருந்தார். இரண்டு வாரம் இருந்து, காத்திருக்கும் வயிறுகளையெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக் கப்பலில் திரும்புவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின திங்கட்கிழமை சிவஞானம் அவர் முன்னால் போய் வேட்டியைத் தளர்த்தினார்.

சர்ஜன் அதிகம் பேசாதவர். அமுக்கிப் பார்த்தார். "இருமுங்க" என்றார். சிவஞானம் இருமினார். "சரி. சனிக்கிழமை காலையில போட்டுடலாம்" என்றார். பிறகு, "ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்கா?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் சொல்லியிருப்பார். வேட்டி தளர்ந்திருக்கிற நேரத்தில் மனிதனுக்கு உண்மைதான் வாயில் வருகிறது.

"போன வருசம் காய்ச்சலுக்கு ஒரு வெள்ளை மாத்திரை தின்னேன், ஐயா. சல்பான்னு சொன்னாவ. ஒரே மாத்திரைதான். உடம்பெல்லாம் பலாப்பழத் தோலாப் போச்சு."

சர்ஜன் பேனாவை மூடிவிட்டார். "சல்பா கொடுக்காதேன்னு நானே எழுதிடுவேன். ஆனா இங்கே இப்ப ஒரு நிலையம் திறந்திருக்காங்களாம். எது ஆகும், எது ஆகாதுன்னு அவங்க காகிதம் கொடுத்தாத்தான் நான் கத்தியைத் தொடலாமாம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள காகிதம் கொண்டாங்க. கப்பல் எனக்காக நிக்காது."

"வாங்க முடியலைன்னா?"

"அடுத்த வருஷம் பார்க்கலாம்."

வீட்டில் மனைவி பூங்கோதை இதைக் கேட்டுவிட்டு, "அடுத்த வருசம் வரைக்கும் கையால பிடிச்சிக்கிட்டேவா அலைவிய? கடையைப் பிடிக்கவா, குடலைப் பிடிக்கவா?" என்றாள். சிவஞானம் பதில் சொல்ல வாயைத் திறந்தார், இருமல் வந்தது.

*

தீவுகள் ஒவ்வாமை ஆராய்ச்சி நிலையம் ஊருக்கு வெளியே ஒரு மேட்டின்மேல் இருந்தது. மூன்று மொழியில் பெயர்ப்பலகை. உள்ளே பதினைந்து பேர் வேலை செய்தார்கள். நிலையம் திறந்து இரண்டு வருஷமாகியும் நோயாளி என்று ஒரு ஜீவன் அந்த மேட்டில் ஏறியதில்லை. அதனால் பதினைந்து பேருக்கும் வேலை நெருக்கடி. நோயாளி ஏன் வரவில்லை என்று மாதம் ஓர் அறிக்கை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமே.

வாசலில் நின்ற, காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் பழனிசாமி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். சிவஞானத்தைப் பார்த்ததும், "ஏனுங்க, தபாலாபீஸ் அடுத்த வளைவுங்க" என்றார்.

"தபாலுக்கு வரலை வே. எனக்கு ஒரு மருந்து ஆகலை. அதுக்கு வந்தேன்."

பழனிசாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே ஓடினார். உள்ளே நாற்காலிகள் நகர்ந்தன. மைக்ராஸ்கோப்பின்மேல் கிடந்த துணியை யாரோ உதறுகிற ஓசை கேட்டது. டைரக்டர் டாக்டர் ஜெகநாதன் ஒரு கால் செருப்போடு ஓடிவந்து சிவஞானத்தைப் பார்த்தார். கண் நிறையப் பார்த்தார். அப்புறம் தம் பதவி நினைவுக்கு வரவே உள்ளே திரும்பிப்போய், இரண்டாவது செருப்பையும் போட்டுக்கொண்டு, அவரை ஒன்றரை மணி நேரம் காக்கவைத்தார். முதல் நோயாளியை உடனே பார்த்துவிட்டால் இரண்டாவது நோயாளிக்கு மரியாதை இருக்காது என்பது அவருடைய கொள்கை.

"எந்த மருந்து என்று சந்தேகிக்கிறீர்கள்?" என்றார் டைரக்டர்.

"சந்தேகமே இல்லை ஐயா. சல்பா."

டைரக்டர் சிரித்தார். குழந்தை தப்பாகக் கணக்குச் சொன்னால் வாத்தியார் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. "நோயாளி சொல்வது தகவல். முதுகு சொல்வதுதான் சான்று. தகவலை வைத்துக்கொண்டு நாங்கள் ஒன்றும் செய்வதற்கில்லை."

சோதனை இன்னதென்று விளக்கினார். ஒவ்வொரு மருந்திலும் துளி எடுத்து வாசலின் களிம்பில் குழைத்து, சின்னத் துணி வட்டத்தில் தடவி, முதுகில் வைத்துப் பிளாஸ்திரி ஒட்டிவிடுவார்கள். நாற்பத்தெட்டு மணி நேரம் நனையக்கூடாது, வேர்க்கக்கூடாது. பிறகு பிரித்துப் பார்த்தால், எந்த இடம் சிவந்து தடித்திருக்கிறதோ அந்த மருந்து ஆகாது.

சிவஞானத்துக்கு இது பிடித்திருந்தது. மூட்டையைப் பிரிக்காமல் குத்தூசி போட்டு அரிசி பார்க்கிற வித்தைதானே. இதில் மூட்டை நாம், அவ்வளவுதான்.

"எத்தனை ஒட்டுவிய?"

"இருபத்து நான்கு."

"எதுக்கு ஐயா அத்தனை? நாலு ஒட்டுங்க. சல்பா ஒண்ணு, பென்சிலின் ஒண்ணு, ஆஸ்பிரின் ஒண்ணு, உங்க திருப்திக்கு ஒண்ணு."

"இது கடை இல்லை. பதினெட்டுக்குக் குறையாது."

"அஞ்சு. முதுகு என்னோடது."

"பன்னிரண்டு."

"ஆறு. அதுக்கு மேல போனா நான் மல்லாந்து படுக்கக்கூட இடமிருக்காது." சிவஞானம் எழுந்து வாசல்வரை போனார். முப்பது வருஷ வியாபாரத்தில் அவர் கற்றது, எழுந்து வாசல்வரை போவது.

டைரக்டர் பின்னாலேயே வந்தார். இரண்டு வருஷத்தில் வந்த ஒரே முதுகு திரும்பிப் போவதை அவரால் தாங்க முடியவில்லை. ஆறு என்று முடிந்தது. ஆனால் அன்றே ஒட்ட முடியாது என்றார். சிவஞானம் ஏனென்று கேட்டார்.

"அரசாங்கக் கட்டடத்தில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் திறப்பு விழா வேண்டும். உங்கள் முதுகு இந்த நிமிஷத்திலிருந்து அரசாங்கப் பணியில் இருக்கிறது. புதன்கிழமை பத்து மணிக்கு விழா. இலாகாத் தலைவர்கள் ஒன்பது பேரை அழைக்கிறோம். ஆளுக்கு ஒன்று ஒட்டுவார்கள்."

"ஆறுதானே பேசினோம்?"

"ஆறு மருந்து. மீதி மூன்றில் வெறும் வாசலின். அதுவும் விஞ்ஞானந்தான். யாருக்கு மருந்து, யாருக்கு வாசலின் என்று அவர்களுக்கே தெரியாது."

*

புதன்கிழமை நிலையத்து முற்றத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். சட்டையில்லாத சிவஞானத்தை ஒரு முக்காலியில் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார்கள். சபைக்கு அவர் முதுகு, அவருக்குச் சுவர். முதுகுக்கு முன்னால் இரண்டு கம்பங்களை நட்டுக் குறுக்கே சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். முன்வரிசையில் படகு இலாகா, விளக்கு இலாகா, பாதை இலாகா, தண்ணீர் இலாகா, மர இலாகா என்று ஒன்பது பேர் பதவி வரிசைப்படி அமர்ந்திருந்தார்கள். மர இலாகா அதிகாரி மட்டும் காட்டில் மரத்துக்கு எண் போட்டுவிட்டு நேராக வந்தவர். கை கழுவ நேரமில்லாமல் பூச்சோடு உட்கார்ந்திருந்தார்.

அவர்களில் மூத்தவர் தலைமை ஆலோசகர். தில்லிக்காரர். இந்தியில் பேசினார், டைரக்டர் தமிழில் சொன்னார். சிவஞானத்துக்கு இரண்டுமே சுவர் வழியாகத்தான் காதில் விழுந்தன.

"பாயியோ, சகோதரர்களே, இந்த நிலையத்தில் கடந்த இரண்டு வருஷத்தில் ஒரு நோயாளிக்குக்கூடத் தவறான சிகிச்சை அளிக்கப்படவில்லை. நாட்டில் எந்த ஆஸ்பத்திரி இப்படிச் சொல்ல முடியும்? இங்கே ஒரு மரணம் கிடையாது. ஒரு புகார் கிடையாது. இந்தத் தூய சாதனையை இன்று நாம் கொஞ்சம் பணயம் வைக்கிறோம். ஜனங்கள் அரசாங்கத்துக்கு முதுகைக் காட்டுகிறார்கள் என்று சிலர் குறை சொல்வார்கள். காட்டட்டும். அதைத்தான் நாம் ஒரு திட்டமாக மாற்றியிருக்கிறோம். இன்று ஒரு முதுகு. திட்ட காலம் முடிவதற்குள் தீவுகளின் எல்லா முதுகுகளும் அரசாங்கத்தின் கைக்கு வந்துவிடும்."

கைதட்டல் ஓய்ந்ததும் நாடாவை வெட்டினார். வெட்டிய நாடாவின் ஒரு முனை சிவஞானத்தின் இடுப்பில் விழுந்தது. அவர் கூச்சத்தில் நெளிந்தார். "ஹிலோ மத்" என்று யாரோ அதட்டினார்கள். முதுகு அசையாமல் நின்றது.

பழனிசாமி பிளாஸ்திரிகளை ஒரு தட்டில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். முந்தின நாளே ஒவ்வொன்றின் மேலும் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எண் எழுதி, முதுகில் எந்த எண் எங்கே என்று டைரக்டர் வரைபடமும் போட்டாயிற்று. ஆனால் விழாத் தட்டு என்றால் சபையில் சுற்றிவர வேண்டாமா? சுற்றிவந்தது. கல்யாண வீட்டுத் தாம்பூலத் தட்டில் வெற்றிலை பொறுக்குவதுபோல் ஒன்பது பேரும் ஆளுக்கு ஒன்றைப் பொறுக்கிக்கொண்டார்கள்.

அடுத்தது, எங்கே ஒட்டுவது. வரைபடத்தை யாரும் கேட்கவில்லை. தலைமை ஆலோசகர் பிடரிக்குக் கீழே, நட்டநடுவில், உச்சத்தில் ஒட்டினார். இது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்குக் கீழே யார் என்பதில்தான் சிக்கல்.

"நான் இவருக்கு நாலு மாசம் சீனியர்" என்றார் பாதை இலாகா.

"நாலு மாசம் லீவில் இருந்தீர்களே, அதைக் கழிக்க வேண்டாமா?" என்றார் விளக்கு இலாகா.

"தோள்பட்டையில் இடமிருக்கிறது, சாப்" என்றார் டைரக்டர்.

"ஓரத்தில் என்னால் ஒட்ட முடியாது. ஓரம் தண்ணீர் இலாகாவுக்கு" என்றார் பாதை இலாகா.

தண்ணீர் இலாகா கடைசியில் இடுப்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், யார் முகத்தையும் பார்க்காமல் ஒட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அவருக்குப் பிரமோஷன் இரண்டு வருஷமாக நின்றிருந்தது. மர இலாகா அதிகாரிக்கு இடது விலாவுக்கு மேலே கிடைத்தது. பெரிய சந்தோஷம் என்று சொல்ல முடியாது, அவமானமும் இல்லை. பூச்சுப் பிடித்த கட்டைவிரலால் நன்றாக அழுத்தி, ஓரமெல்லாம் நீவிவிட்டார்.

*

வேர்க்கக்கூடாது என்று விதி. நிலையத்தில் மின்விசிறி டைரக்டர் அறையில்தான் உண்டு. ஆகவே நாற்பத்தெட்டு மணி நேரமும் சிவஞானம் டைரக்டரின் அறையில், டைரக்டரின் மேஜைக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். டைரக்டர் வராந்தாவில் உட்கார்ந்து வேர்த்தார்.

மேட்டில் ஒரு நோயாளியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி பரவியதும் ஊர் ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். அறைக்குள் எட்டிப்பார்த்தால் பெரிய மேஜை, சுற்றும் விசிறி, சட்டைகூடப் போடாமல் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிற ஒருவர். இவ்வளவு அலட்சியமாக இருக்கிறவர் பெரிய ஆபீசராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி மனுக்களை நீட்டினார்கள். ஒரு பெங்காலிக் கிழவர் தன் வயலில் உப்புத்தண்ணீர் ஏறுவதை அரை மணி நேரம் சொல்லி அழுதார்.

சிவஞானம் சுவரைப் பார்த்தபடியே, "வரப்பை ஒரு முழம் ஒசத்தும். பாந்த் ஊஞ்சா கரோ" என்றார்.

கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். ஆறு வருஷமாக அந்த மனுவோடு அலைகிறவர். பதில் கிடைத்தது அன்றுதான். மத்தியானத்துக்குள் வரிசை வாசல்வரை நின்றது.

பூங்கோதை சோற்றுத் தூக்கோடு வந்தாள். சுவருக்கும் புருஷனுக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து ஊட்டினாள்.

"எரியுதா?"

"வேற எங்கயும் ஒண்ணும் இல்லை. இடது விலாவுக்கு மேல ஒண்ணு மட்டும் நெருப்பா எரியுது."

"சொல்லிப் பிரிக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். நான் சொன்னா தகவலாம்."

*

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஒன்பது அதிகாரிகளும் மறுபடி வந்தார்கள். ஒட்டியவர் பார்க்கப் பிரிப்பதுதான் முறை என்று டைரக்டர் எழுதியிருந்தார். பழனிசாமி ஒவ்வொன்றாக உரித்து ஒரே பேசின் பாத்திரத்தில் போட்டார். எட்டு இடம் வெள்ளையடித்த சுவர்மாதிரி இருந்தது. இடது விலாவுக்கு மேலே ஒன்று மட்டும் எட்டணாக் காசு அளவுக்குச் செக்கச்சிவந்து, கொப்புளம் கட்டியிருந்தது.



"இது யாருடையது?" என்றார் தலைமை ஆலோசகர்.

விளக்கு இலாகா கூரையைப் பார்த்தார். பாதை இலாகா, தாம் வலப்பக்கத்தில் ஒட்டியதாகத் தமக்கு நல்ல நினைவு என்றார். ஒரு குடிமகனின் முதுகைப் புண்ணாக்கியது எங்கள் இலாகா இல்லை என்று ஒன்பது பேரும் தனித்தனியே மறுத்தார்கள். தலைமை ஆலோசகர்கூட மறுத்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

டைரக்டர் தொண்டையைக் கனைத்தார். "மன்னிக்க வேண்டும். இது குற்றமில்லை. இதற்குப் பெயர் பாசிட்டிவ். சோதனையின் வெற்றியே இதுதான். மற்ற எட்டும் பலனில்லாமல் போய்விட்டன. இந்த ஒன்றைத்தான் நான் தில்லிக்குப் பெயரோடு எழுதப்போகிறேன்."

"அப்படியானால் அது என்னுடையது" என்றார் விளக்கு இலாகா.

"வலப்பக்கம் என்று நான் சொன்னது முதுகின் வலம் இல்லை, பார்ப்பவரின் வலம்" என்றார் பாதை இலாகா.

தலைமை ஆலோசகர், உச்சத்தில் ஒட்டியது நாற்பத்தெட்டு மணி நேரத்தில் கொஞ்சம் கீழே நகர்ந்திருக்கலாம் என்ற தம் கருத்தைப் பதிவு செய்யச் சொன்னார்.

"யாருடையதாயிருந்தாலும் இருக்கட்டும் ஐயா" என்றார் சிவஞானம், சுவரிடம். "மருந்து எது? அதைச் சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள நான் காகிதம் கொண்டு போகணும்."

டைரக்டர் வரைபடத்தை விரித்தார். அழகான வரைபடம். அதில் இருந்த முதுகுக்கும் எதிரே இருந்த முதுகுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. "பழனிசாமி, பிளாஸ்திரியில் எண் எழுதவில்லையா?"

"எழுதினதுங்க. பெரியவங்க கையில மை ஒட்டிக்கும், தொடைச்சுப்போடுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

டைரக்டர் பேசினைப் பார்த்தார். ஒன்பது பிளாஸ்திரிகளும் ஒன்றின்மேல் ஒன்றாய்ச் சுருண்டு கிடந்தன. "ஒன்றும் கவலையில்லை" என்றார். "இருபத்தொரு நாள் கழித்து, முதுகு ஆறியதும், மறுபடி ஒரு விழா வைத்து—"

"ஐயா, நாளை மறுநாள் கப்பல்."

"விஞ்ஞானத்துக்குக் கப்பல் தெரியாது."

சிவஞானம் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டார். ஒரு வருஷம் கையால் பிடித்துக்கொண்டு கயிறு விற்பதை நினைத்துப் பார்த்தார். பிறகு முக்காலியை இழுத்துத் திருப்பிப்போட்டு, இரண்டு நாளில் முதல் தடவையாகச் சபையைப் பார்த்து உட்கார்ந்தார். ஒன்பது பேர் முகத்திலும் ஒரே சரக்கின்மேல் ஒன்பது கிராக்கிக்கு இருக்கிற ஆசை தெரிந்தது. இதைப் பார்த்த பிறகு எந்த வியாபாரிக்கும் தெம்பு வராமல் இருக்காது.

"சரக்கு எதுன்னு எனக்குத் தெரியாது" என்றார். "ஆனா போட்ட கை யாரோடதுன்னு தெரியும்."

"எப்படி? நீங்கள் சுவரையல்லவா பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?"

"முப்பது வருசமா கயிறு விக்கேன். கண்ணைக் கட்டிவிட்டுத் தடவச் சொன்னாலும் மணிலாவா, தேங்காய் நாரான்னு சொல்லுவேன். கைக்குத் தெரிஞ்சது முதுகுக்குத் தெரியாதா? முதல்ல வந்தது மோதிரக் கை, ஐஸ்கட்டி மாதிரி. ரெண்டாவது வேர்த்த கை. ஒண்ணு நடுங்கிச்சு. ஒண்ணு ஒட்டின பிறகு என் முதுகுலயே விரலைத் துடைச்சுக்கிட்டுது."

யாரோ இருவர் கையைப் பைக்குள் விட்டார்கள்.

"சிவந்த இடத்துல யாரு ஒட்டினாவன்னு சொல்லுதேன். ஆனா காகிதம் முதல்ல. சீல் போட்டு, கையெழுத்துப் போட்டு, 'ஒவ்வாதது' அப்படீங்கிற இடத்தை மட்டும் காலியா விட்டுக் கையில தாங்க. அப்புறம் வாய் திறக்கேன்."

டைரக்டர் முடியாது என்றார். முடியும் என்று ஒன்பது பேர் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் அது தம்முடைய கைதான் என்று அதற்குள் உறுதியாகிவிட்டிருந்தது. தலைமை ஆலோசகரே தம் பேனாவைத் திறந்து டைரக்டர் கையில் திணித்தார். காகிதம் வந்தது. சிவஞானம் சீலை விரலால் தடவிப் பார்த்தார். ஈரம் காயும்வரை ஊதினார்.

"மர இலாகா" என்றார். "பிசினு மாதிரி ஒட்டின கட்டைவிரல். இன்னும் ஒட்டிக்கிட்டுதான் இருக்கும், பாருங்க."

மர இலாகா அதிகாரி எழுந்து நின்று கையை விரித்துக் காட்டினார். பூச்சு அப்படியே இருந்தது. மற்ற எட்டுப் பேரும் மனசில்லாமல் கைகுலுக்கினார்கள். குலுக்கிய கையை வேட்டியிலும் காற்சட்டையிலும் துடைத்துக்கொண்டார்கள். டைரக்டருக்கு மருந்தின் பெயர் தெரியாது. இலாகாவின் பெயர் தெரியும். தெரிந்ததைத்தானே எழுத முடியும்? 'நோயாளிக்கு ஒவ்வாதது: மர இலாகா' என்று முத்துமுத்தாக எழுதினார். சாட்சிக் கையெழுத்தை மர இலாகா அதிகாரியே பெருமையோடு போட்டார்.

வாசலில் பழனிசாமி சட்டையை எடுத்துக் கொடுத்தார். "அண்ணாச்சி, அவரு சேங்கொட்டை மரத்துக்கு நம்பர் போட்டுப்போட்டு வந்தாருங்க. கையில அந்தப் பால்தானுங்க, அவருக்குப் பழகிப்போச்சுங்க. அது பட்டா எருமைத் தோலுகூடக் கொப்புளிச்சுப்போகும்."

"தெரியும் வே" என்றார் சிவஞானம். "பேசாம இரும். சீல் இன்னும் காயலை."

*

சர்ஜன் காகிதத்தை இரண்டு முறை படித்தார். "மர இலாகாவை ஊசியில ஏத்தற உத்தேசம் எனக்கு இல்லை" என்றார். "காலையில வெறும் வயித்தோட வாங்க."

சனிக்கிழமை காலை வெறும் வயிற்றோடு வந்தவரை ஹெட் நர்ஸ் சுசீலா அறுவை அறை வாசலில் மறித்தாள். காகிதத்தைப் படித்திருந்தாள். காகிதத்தைப் படித்த பிறகு சுசீலாவை யாராலும் அசைக்க முடியாது.

"டாக்டர், ஒவ்வாதது எதுவும் பேஷன்ட் உடம்பில் படக்கூடாதுன்னு ரூல். ஆபரேஷன் மேஜை படாக் மரம். அடியில் மர இலாகா முத்திரை இருக்கு."

"கட்டில்ல போடு."

"கட்டிலும் மரம். இரும்புக் கட்டில் போன கப்பலில் வரல. பெஞ்சு, ஸ்டூல், கதவு, ஜன்னல் எல்லாம் மர இலாகா. இந்த அறைக்குள்ளேயே அவரை விடலாமான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு."

சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டி கட்டியாயிற்று. மறுநாள் விடியற்காலையில் கப்பல் ஏற வேண்டும். சிவஞானம் சீல் போட்ட தன் காகிதத்தைப் பார்த்தார். சரக்குக்கு ஆசைப்பட்டு அவசரத்தில் வாங்கினால் இப்படித்தான்.

பூங்கோதை பின்கட்டைப் பார்த்தபடி நின்றாள். "ஏம்மா, அந்தத் துணி துவைக்கிற கல்லு சிமிட்டிதானே?"

சுசீலா எட்டிப்பார்த்தாள். ஆள் நீளத்துக்கு நல்ல கல். "அது பாதை இலாகா போட்டது" என்றாள். காகிதத்தை மறுபடி படித்தாள். "பாதை இலாகா பத்தி இதில் ஒண்ணும் இல்லை."

நாலு அண்டா கொதிநீர் ஊற்றிக் கல்லைக் கழுவினார்கள். மேலே தார்ப்பாய் கட்டினார்கள். ஒன்பது மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயில் விழுந்த சத்தத்தில் சர்ஜன் கத்தியைக் கேட்டதும், சுசீலா பதில் சொன்னதும் யார் காதிலும் விழவில்லை. குடல் ஏறவேண்டிய இடத்துக்கு ஏறியதும், தையல் போடுமுன் அவர் சுசீலாவின் காதருகே குனிந்து, "சல்பா பவுடர் தூவாதே" என்று மட்டும் சொன்னார். பக்கத்துக் கொடியில் அலசிய துணிகள் காய மறுத்துத் தொங்கின.

ஞாயிற்றுக்கிழமை கப்பல் போயிற்று. சிவஞானம் தரையில் விரித்த பாயில் படுத்தபடி இருமிப் பார்த்தார். இரண்டு கையும் சும்மா இருந்தன.

*

இருபது நாள் கழித்துக் கடை திறந்தார். காகிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். முதல் நாளே மர இலாகாக் காவலர் ஒருவர் வந்து, ஆபீசர் படகுக்கு நூறு கெஜம் கயிறு வேண்டும் என்றார். விலை கேட்கவில்லை, கேட்கிற வழக்கமும் இல்லை. சிவஞானம் கையைத் தூக்கி மேலே காட்டினார். காவலர் படித்தார். எழுத்துக்கூட்டி மறுபடி படித்தார். கீழே தம் ஆபீசரின் கையெழுத்தே இருந்தது. இரண்டடி பின்னால் நகர்ந்து, மூச்சைக்கூட அந்தப் பக்கம் விடாமல், கயிறு இல்லாமல் போனார்.

இந்தச் செய்தி அன்று மத்தியானத்துக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

மறு திங்கட்கிழமை சிவஞானம் தையல் போட்ட இடத்தைச் சர்ஜனுக்குப் பதிலாக யாராவது பார்ப்பார்களா என்று விசாரிக்க மேட்டுப் பக்கம் நடந்தார். நிலையத்து வாசலிலிருந்து அடிவாரம்வரை வரிசை. பெரும்பாலும் கடைக்காரர்கள். எல்லோரும் சட்டையைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தார்கள். மண்ணெண்ணெய் வியாபாரி விளக்கு இலாகாவைச் சோதித்துக்கொள்ள வந்திருந்தார். தோணிக்காரர் ஒருவர் படகு இலாகா. ஜல்லி காண்டிராக்டர் பாதை இலாகா. கூடவே தண்ணீர் இலாகாவும் வேண்டும், இரண்டையும் சேர்த்து ஒட்டினால் ஏதாவது குறைத்துக்கொள்வீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

டைரக்டர் ஜெகநாதன் வராந்தாவில் பூரித்து நின்றார். "பார்த்தீர்களா, எவ்வளவு பெரிய நோய் இத்தனை நாள் மறைந்து கிடந்திருக்கிறது! இன்னும் முப்பது ஆள் கேட்டு எழுதிவிட்டேன்" என்றார்.

வரிசையின் கடைசியில், வெற்று முதுகோடு, தலையைக் குனிந்துகொண்டு ஒருவர் நின்றிருந்தார். சிவஞானம் அருகில் போய்ப் பார்த்தார். டிரஸ்ஸர் பழனிசாமி.

"என்ன வே, நீருமா? உமக்கு எந்த இலாகா ஆகலை?"

பழனிசாமி மேட்டிலிருந்த கட்டடத்தை நோக்கித் தாடையை நீட்டினார். "இதுதானுங்க. நீங்க காகிதத்தை மாட்டினதிலிருந்து தினம் நூறு முதுகுங்க. ஒரு காகிதம் வாங்கிப்போட்டா ஊருக்குப் போயிருவேன். ஆனா ஒரு சங்கடமுங்க, அண்ணாச்சி. இங்க பிளாஸ்திரி ஒட்டறது நான் ஒருத்தன்தானுங்க. என் முதுகுக்கு என் கை எட்டலீங்க."

சிவஞானம் கடைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"திரும்பி நில்லும்" என்றார்.